உன் காதைப் பற்றி நான் எழுதிய பொய்

போன மாதம் உன் மனைவி மாசாயிலிருந்து பஸ் பிடித்து சிம்பாங் ரெங்கத்தில் என் வீட்டுக்கு வந்து, ஒரு கடிதத்தை என் கையில் கொடுத்தாள். முதல் வரியிலேயே உன் ராணுவ எண். நீ போய் ஆறு மாதமாகிறது. அந்த எண்ணை இன்னும் யாரோ கூப்பிடுகிறார்கள்.

மலேசிய ராணுவ மருத்துவப் பதிவுகளையும் அரசு மருத்துவமனைப் பதிவுகளையும் கணினியில் ஒன்றாக இணைத்திருக்கிறார்களாம். முன்னாள் வீரர்களின் செவித்திறன் பற்றிய ஆராய்ச்சிக்கு உன் பதிவையும் எடுத்துக்கொள்ளக் குடும்பத்தின் சம்மதம் வேண்டுமாம்.

"உயிரோட இருந்தப்ப ஒருத்தரும் கேக்கல. இப்ப எதுக்குண்ணே? பென்ஷன்ல கை வைப்பாங்களோ?" என்றாள்.

"சைன் பண்ணாதம்மா. நேர்ல போய்க் கேப்போம்."

பெயரை நீக்கிவிடுவோம் என்று எழுதியிருந்ததை நான் நம்பவில்லை. பீரங்கிப் படையில் இருந்த மாசாய்த் தமிழன் என்றால் பெயர் வேறு வேண்டுமா? ஆனால் என் பயம் அது மட்டுமல்ல.

முகாம் கிளினிக்கில் நான் மருத்துவ உதவியாளன். ஆண்டுப் பரிசோதனைக்கு வந்த உனக்கு ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னேன். இடது காதில் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனேன். உன் விரல் அசையவில்லை. எழுதப் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"நார்மல்னு போடு மச்சான். இல்லனா பீரங்கிய விட்டு ஸ்டோர் வேலைக்குத் தள்ளிருவாங்க."

போட்டேன். மறு வருடமும் போட்டேன். மூன்றாம் வருடம் நீ கேட்கவே இல்லை, நானாகப் போட்டேன்.

ஓய்வுக்குப் பின் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் காவலரானாய். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது இடப்பக்கச் சந்திலிருந்து வந்த லாரி மோதியது. மூன்று முறை ஹார்ன் அடித்தேன் என்று லாரிக்காரன் போலீசிடம் அழுதான். துக்க வீட்டில் எல்லோரும் அவனைப் பொய்யன் என்று திட்டினார்கள். நானும் தலையாட்டினேன்.

ஜொகூர் பாரு மருத்துவமனையில் எங்களைச் சந்தித்த ஆராய்ச்சி டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"ஆர்மில இருந்த வரைக்கும் காது நார்மல் அங்கிள். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப இடது காது சுத்தமா கேக்கல. ஃபேக்டரி சத்தத்துல போயிருக்கும்னுதான் ஆராய்ச்சில வரும்."

தெரிந்தே ஆழம் பார்க்கிறாரோ என்று அவர் முகத்தையே பார்த்தேன். திரையில் என் கையெழுத்து தெரிந்தது.

"அது பொய் டாக்டர். எழுதுனது நான்தான்."

உன் மனைவி மெதுவாகத் திரும்பினாள். "காது கேக்காதுன்னு என்கிட்ட அவரு சொன்னதே இல்ல. அப்ப அந்த லாரிக்காரன் சொன்னது நெசமாண்ணே?"



பழைய பதிவை அழிக்க முடியாது, என் வாக்குமூலத்தைப் பக்கத்தில் சேர்க்கலாம் என்றார் டாக்டர். எழுதிக் கொடுத்தேன். அவள் அதை இருமுறை படித்துவிட்டுச் சம்மதத் தாளில் கையெழுத்திட்டாள். திரும்பும் வழியில் என்னோடு பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

அந்த ஆராய்ச்சிக்காரர்களை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. ஆனால் கிளம்பும்போது டாக்டர் கேட்டது என்னை விடவில்லை: "இந்த மாதிரி இன்னும் எத்தனை பேருக்கு எழுதுனீங்க அங்கிள்?"

நினைவுக்கு வந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். நேற்று காஹாங்கில் இருக்கும் நம் பழைய பீரங்கிக்காரன் வீட்டுக்குப் போன் போட்டேன். எடுத்தது அவன் மகள்.

"அப்பாவுக்கு போன்ல கேக்காது அங்கிள். என்கிட்டயே சொல்லுங்க."