நீ வேண்டாமென்ற வண்டி

இன்று காலை வண்டியின் பானெட்டைத் தூக்கி ஆயில் பார்த்தேன். துடைத்த துணியிலிருந்து கருகிய டீசல் வாசனை விரல்களில் ஏறிக்கொண்டது. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. ஸ்கூல் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நண்பா, நேற்று உனக்குத் தலைத்திவசம். நேற்று நடந்ததை உன்னிடம் சொல்ல வேண்டும். அதற்கு முன் நடந்தவை உனக்குத் தெரிந்தவைதான். ஆனால் என் வாயால் அவற்றை நீ ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

சமயபுரம் போகும் வழியில் பழைய கார்கள் விற்கும் அந்த இடத்துக்கு உன்னை நான்தான் அழைத்துப் போனேன். கிளார்க் சம்பளத்துக்குப் புது வண்டி கனவிலும் இல்லை. ஆனால் என் சகலை புதிதாக ஒரு பெரிய வண்டி வாங்கியிருந்தான். பொங்கலுக்கு மாமனார் வீட்டு ஆட்கள் எல்லோரும் ஸ்ரீரங்கம் வருவதாக இருந்தார்கள். அவர்கள் முன்னால் ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி ஒன்று என் வாசலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. கையிலிருந்த சேமிப்போடு என் மனைவியின் வளையல்களையும் சேர்த்தால்தான் அந்த வெள்ளை வண்டிக்கு எட்டும்.

நீ பொன்மலையில் இருபது வருஷமாக ரயில் என்ஜின்களோடு புழங்கியவன். நம் தெருவில் யார் பழைய வண்டி வாங்கினாலும் முதலில் உன்னைத்தான் கூட்டிப் போவார்கள். போய் வந்ததற்கு ஒரு டீக்கு மேல் நீ வாங்கியதில்லை. நாலு பேர் உன்னை நம்பிக் கேட்கிறார்கள் என்பதில் உனக்கு ஒரு பெருமை இருந்தது. அதை நீ வெளியே காட்டிக்கொண்டதில்லை, ஆனால் அப்படிப் போகும் நாட்களில் மட்டும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொள்வாய்.

அன்று நீ வண்டியைச் சுற்றிப் பார்க்கவில்லை. நேராகப் போய் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தாய். "ஆறின என்ஜின் திணறுறது தெரியக் கூடாதுன்னு, நாம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வெச்சிருக்காங்க மாப்ள" என்றாய். ஓடும் என்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தாய். புகை குபுகுபுவென்று வந்தது. உள்ளே குனிந்து காலடியில் பார்த்துவிட்டு, "மீட்டர் அறுபதாயிரம் காட்டுது. பெடல் ரப்பர் வழுவழுன்னு தேஞ்சு கெடக்கு. ரெண்டுல ஒண்ணு பொய்" என்றாய். திரும்பி வரும்போது கொள்ளிடம் பாலத்தில் ஸ்கூட்டரை மெதுவாக்கி, "வேணாம் மாப்ள. ரெண்டு மாசம் பொறு. நானே நல்லதாத் தேடித் தரேன்" என்றாய். நான் சரி என்றேன்.

மறுநாள் தனியாகப் போய் அதே வண்டியை வாங்கி வந்தேன்.

வண்டிக்குப் பொட்டு வைத்துக்கொண்டே என் மனைவி கேட்டாள்: "அண்ணன் பார்த்தாருல்ல? என்ன சொன்னாரு?" அவள் வளையலைக் கழற்றிக் கொடுத்ததே உன்னை நம்பித்தான். "பார்த்தான். நல்ல வண்டின்னு சொன்னான்" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் அல்ல. கேட்ட உடனே வந்துவிட்டது.

வாசலில் வண்டி நிற்பதை நீ பார்த்தாய். சுற்றி வந்து டயரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "ரேடியேட்டர் தண்ணி மட்டும் தெனமும் பாரு" என்றாய்.

காணும் பொங்கலன்று எல்லோரையும் ஏற்றிக்கொண்டு முக்கொம்புக்குக் கிளம்பினேன். பாதி வழியில், வாய்க்கால் ஓரத்தில் வெள்ளைப் புகை விட்டு வண்டி நின்றுவிட்டது. கட்டுச்சோற்றுத் தூக்குகளோடு மாமியார் புளியமரத்தடியில் உட்கார்ந்தார். பின்னால் வந்த சகலை தன் வண்டியை நிறுத்திவிட்டுக் கைகட்டி நின்றான். நான் உன்னைக் கூப்பிட்டேன். பண்டிகை நாளில், வீட்டில் சாப்பாட்டுக்கு உட்காரப் போனவன் அப்படியே ஸ்பானர் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாய்.

நீ என்ஜினுக்குள் குனிந்திருந்தபோது என் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். "நீங்க பார்த்து நல்லாருக்குன்னு சொன்னதாலதானே அண்ணே வாங்குனோம். என் வளையலையெல்லாம் கொடுத்து..." என்றாள். வெறும் கையைத் தடவிக்கொண்டாள்.

நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். கோபமாக அல்ல, நான் ஏதாவது சொல்வேனா என்று பார்த்தாய். நான் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமாம்மா" என்றாய். "என் கணிப்பு தப்பாப் போச்சு."

சகலை சிரித்தான். "ரயில் என்ஜின் பாக்குறவருக்கு காரைப் பத்தி என்னங்க தெரியும்" என்றான். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு மெக்கானிக்கைக் கூட்டிவர உன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் நீ என்ஜினில் போய்விட்ட கேஸ்கெட்டைப் பற்றி மட்டுமே பேசினாய். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன். அதற்குப் பயந்துதான் நீ கேட்கவில்லையோ என்று இப்போது தோன்றுகிறது.

அதன் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் என் வாசலில் சாக்கை விரித்து அந்த வண்டிக்கு அடியில் படுத்திருந்தாய். என் மனைவி உனக்குக் காபி கொடுப்பாள், முகம் கொடுக்க மாட்டாள். நீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போவாய்.

அந்தப் பேச்சு தெருவுக்கும் போனது. ஒரு நாள் டீக்கடையில் நாம் இருவரும் நின்றிருந்தோம். எதிர்வீட்டுக்காரர் பழைய வண்டி ஒன்று பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "யாரைக் கூட்டிட்டுப் போறீங்க?" என்று கடைக்காரர் கேட்டார். எதிர்வீட்டுக்காரர் உன்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "தில்லைநகர்ல தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் இருக்காரு" என்றார். நீ பேப்பரைப் புரட்டினாய். அதற்குப் பிறகு உன்னை யாரும் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

போன ஆடியில், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. உன்னைக் கிடத்தியிருந்த கூடத்தில், அவ்வளவு அழுகைக்கு நடுவிலும், உன் மனைவி என்னிடம் வந்தாள். "அண்ணே, அந்த வண்டி விஷயத்துல அவர் மேல வருத்தம் இருந்தா மனசுல வெச்சுக்காதீங்க. மன்னிச்சிருங்க" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லம்மா" என்றேன். உன் உடலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் உன்னை மன்னித்தேன்.

ஒரு வருஷம் அந்தச் சொல்லோடு இருந்து பார்த்தேன். முடியவில்லை. போன வாரம் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அந்த மனுஷனுக்கு நான் முகங்கொடுத்துக் காபி கொடுக்கலையே" என்றாள். பிறகு, "எங்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது? அங்க போய்ச் சொல்லுங்க. எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்க" என்றாள்.

நேற்று காவிரிக்கரையில் அம்மா மண்டபத்தில் காரியம் முடித்து எல்லோரும் வீடு வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். உன் மச்சினர், தெருக்காரர்கள், உன்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். எதிர்வீட்டுக்காரரும் வந்திருந்தார். நான் இலை முன் உட்காராமல் நின்றேன். "ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னேன். பானெட் சூடாக இருந்ததை, பாலத்தின் மேல் நீ வேண்டாமென்றதை, முக்கொம்பு வழியில் நான் ஊமையாக நின்றதை. பாதியில் ஒருவர், "சாப்பிடுற நேரத்துல ஏம்ப்பா" என்றார். உன் மச்சினர், "சொல்லட்டும், விடுங்க" என்றார்.

சொல்லி முடித்ததும் யாரும் சாப்பிடவில்லை. உன் மச்சினர் இலையைப் பார்த்தபடியே, "போன வருஷம், மாமா இருக்கும்போதே, நான் வண்டி வாங்குனேன். மாமாகிட்டக் கேட்கல. கேட்க வேணாம்னு அக்காதான் சொல்லுச்சு" என்றார்.

சமையலறை வாசலில் உன் மனைவி நின்றிருந்தாள். "நான் திட்டுனேன்" என்றாள், யாரையும் பார்க்காமல். "அடுத்தவங்க குடும்பத்துப் பணத்தைத் தண்ணியில விட வெச்சுட்டு வந்திருக்கீங்களேன்னு எத்தனை நாள் திட்டுனேன். தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டே இருந்தாரு. ஒரு வார்த்தை, நான் சொல்லலைன்னு ஒரு வார்த்தை எங்கிட்டகூடச் சொல்லலையே."

இதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. என் வீட்டில் நான் தலைநிமிர்ந்து இருப்பதற்காக நீ உன் வீட்டில் தலைகுனிந்து இருந்திருக்கிறாய். தெருவில் உன் பெயர் போனதை நான் பார்த்தேன். உன் கூடத்தில், உன் மனைவி முன்னால் நீ பட்டது எனக்குத் தெரியாது.

நான் கிளம்பத் திரும்பினேன். உன் மனைவி உள்ளே போய்ச் சோற்றுப் பாத்திரத்தை எடுத்து வந்து, நான் உட்காராத இலையில் பரிமாறினாள்.

"சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள்.

உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். அவள் எனக்கு ரசம் ஊற்றினாள், மோர் ஊற்றினாள், போதுமா என்று கேட்டாள். இருபது வருஷமாக என்னிடம் பேசியவள், நேற்று ஒரு முறைகூட என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை.