பத்து நிமிடம் வேகம்

டிச. 8, திங்கள்

மூட்டம். காலையிலேயே அலுவலக மொட்டை மாடி. ஆண்டெனா கேபிளைக் குரங்கு கடித்து வைத்திருக்கிறது. புதிது போட்டாயிற்று. இரண்டு கட்டடம், சர்வர், கேமரா, கதவுப் பூட்டு எல்லாம் அந்த ஆண்டெனா சாட்டிலைட்டிலிருந்து வாங்கும் ஒரே நேரத்தைப் பார்த்து ஓட வேண்டும். இப்போது ஆளுக்கொரு மணி. வெள்ளிக்குள் முடிக்கணுமாம்.

வாங்க: பால், இருமல் மருந்து, சோப்பு.

மாலை மாமியார் போன், திருச்சியிலிருந்து. அடுத்த மாதம் என் வீட்டுக்காரருக்கு வருஷாப்தீகம், முதல் வருஷத் திதி. வாத்தியார் பஞ்சாங்கம் பார்த்தாராம். "அன்னிக்கு சாயங்காலம் நாலு அஞ்சு வரைக்கும்தான் தசமி. ரவி மணி பாத்துச் சொன்னானே, நாலு பத்து. ஏகாதசில போயிருக்கான்டி என் பிள்ளை. எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அம்மா குரலில் தெம்பு. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சரிம்மா என்றேன். தோசை வார்த்தேன்.

டிச. 10, புதன்

கேமராக்கள் முடிந்தன. பக்கத்துக் கட்டடம் மட்டும் படுத்தல். உடன் வேலை பார்க்கும் வர்மா தலையில் கை. "மேடம், ஏ தோ மான்தா ஹி நஹீ." சொன்ன பேச்சே கேட்கவில்லையாம். பார்த்தால் ஒரு பழைய நெட்வொர்க் ஸ்விட்ச். தானே பெரியவன் என்று மற்றதற்கெல்லாம் மணி சொல்லிக்கொண்டிருக்கிறது, தப்பாக. அதை நம்பி அந்தக் கட்டடம் முழுக்க ஒற்றுமையாகத் தப்பு நேரத்தில் ஓடியிருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை.

துவாரகா மெட்ரோவில் உட்கார இடம். திடீரென்று ஒரு சந்தேகம். மைத்துனன் ரவிக்குப் போன் செய்தேன். அன்றைக்கு எந்தக் கடிகாரம் பார்த்தாய்?

"அண்ணா கைல கட்டிண்டிருந்தாரே மன்னி, அதுலதான். ஏன்?"

சும்மா என்றேன்.

வீட்டுக்கு வந்து பீரோவிலிருந்து எடுத்தேன். இன்னும் ஓடுகிறது. போன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பத்து நிமிடம் வேகம். தெரிந்ததுதான். ஆபீஸ் போகும் சார்ட்டர்ட் பஸ் தவறக்கூடாது என்று அவரே திருப்பி வைத்தது. பஸ் நின்று வருஷங்கள் ஆகியும் மாற்றவில்லை.

அப்படியானால் நாலு மணி. தசமி.

தயிர் சாதம். ஊறுகாய் தீர்ந்துவிட்டது.

டிச. 12, வெள்ளி

குளிர். வெயில் இல்லை.

முடிந்தது. "சப் ஏக் டைம், மேடம்," எல்லாம் ஒரே நேரம் என்று வர்மா சமோசா வாங்கி வந்தார். ஒன்று தின்றேன்.

மாமியார் போன். "வாத்தியார் இன்னொரு தடவை கேட்டுக்கச் சொன்னார். நீதான் கடிகாரமெல்லாம் சரி பண்ற உத்யோகத்துல இருக்கியே. நாலு பத்துதானே?"

பின்னால் டிவி சத்தம். அம்மா அதை அணைப்பது கேட்டது.

"நாலு பத்துதாம்மா."

"அப்பாடா," என்றார். அழுதார். நான் அழவில்லை. வரவில்லை.

கடிகாரத்தைத் திருத்தவில்லை. அப்படியே பீரோவில்.

இனி வருஷா வருஷம் அவருக்கு ஒரு நாள் தாமதமாகத்தான் திதிச் சோறு. இருக்கட்டும். பஸ் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னாலேயே போய் நிற்கிற மனுஷர். நிற்பார்.