திரையின் இடப்பக்கம்

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் மும்பை மாட்டுங்காவில் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? போனில் நான் பேசுவது உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்று உம்மா சொன்னதால் எழுதுகிறேன்.

மனிதக் கண் நிறங்களை எப்படிப் பிரித்தறிகிறது என்பதுதானே என் ஆய்வு? சென்ற வாரம் தாராவித் தையல் பட்டறையில் துணிக்கேற்ற நூலைப் பொறுக்கும் கோமதியம்மாளைக் கணினித் திரைமுன் உட்காரவைத்து, அதில் தெரியும் இரண்டு கட்டங்களும் ஒரே நிறமா என்று கேட்டேன்.

"ஏ புள்ள, எப்பவும் எடப்பக்கந்தான் லேசா மஞ்சளடிக்கு. பொட்டி கெட்டுப்போச்சா?" என்றார்.

சிரித்துவிட்டேன். பிறகு கருவியால் அளந்து பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. திரையில் கோளாறு. அவருக்குமுன் வந்த முப்பத்தொரு பேரின் முடிவுகளும் வீண்.

கூட வேலை செய்யும் ராஹில், "அரே, சோட் தே, விட்டுடு. யாருக்குத் தெரியப்போவுது?" என்றான். எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுநாளே பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை, வாப்பா. முப்பத்தொரு பேர் கவனிக்காததை அந்த அம்மாள் எப்படிக் கண்டார் என்று கேட்டார். அதையே தனி ஆய்வாக என் பெயரில் நடத்தச் சொல்லிவிட்டார்!

மாமா வரும்போது உம்மாவின் கருநீலச் சேலையைக் கொடுத்தனுப்புங்கள். திரைமேல் வெளிச்சம் விழாமல் மறைக்க வேண்டும். துணி இங்கேயும் கிடைக்கும். ஆனாலும் உம்மா உடுத்தியதாக இருக்கட்டும். துவைக்க வேண்டாம்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது, முடிக்கிறேன்.

உங்கள் மகள்
ஷைஸ்தா