புது விண்டோஸும் தெரசா அக்காவும்

நந்தகுமார்! ஆமாம், பேர் சொல்லித்தான் எழுதுகிறேன். அவ்வளவு கோபம்.

என் லேப்டாப்பில் என்னைக் கேட்காமல் புது விண்டோஸ் போடச் சொன்னது யார்? “பழசா கெடந்துச்சு, அதான் மாத்திப்புட்டேன் கண்ணு” என்றீர்களே. கண்ணாம் கண்ணு! என்னுடைய பழைய போர் விளையாட்டு இப்போது திறக்கவே மாட்டேன் என்கிறது.

உங்களுக்கு அது வெறும் விளையாட்டு. உங்களைக் கட்டிக்கொண்டேன் என்பதற்காக என்னோடு பேச்சையே விட்ட தெரசா அக்கா, அந்த ஆட்டத்தை மட்டும் விடவில்லை. அவள் முறையை ஆடி மெயிலில் அனுப்புவாள். என் முறையை ஆடி நான் திருப்பி அனுப்புவேன். ஞாயிற்றுக்கிழமை அவள் அனுப்பியது அப்படியே கிடக்கிறது. நானும் முறித்துக்கொண்டேன் என்றுதானே நினைப்பாள்?

மலைமேல் வாழவந்தி நாடு கிராமத்தில் தடுப்பூசி முகாம், கிளம்புகிறேன். குச்சிக்கிழங்கு வேகவைத்திருக்கிறேன். தாளிக்கவில்லை, தாளிக்கவும் மாட்டேன். ஆபீஸ் போகும்போது சாவியை எதிர் வீட்டில் கொடுங்கள்.

மெர்சி

பி.கு.: செருப்பைப் போட்ட பிறகு கடைசியாக ஒருமுறை முயன்றேன். பழைய விண்டோஸ் மாதிரி ஓடச் சொல்லி ஏதோ ஒன்றை மாற்றியதும் திறந்துவிட்டது! நிறமெல்லாம் கண்றாவி. லேப்டாப்பைத் தொட்டால் தொலைந்தீர்கள்.

அக்கா புதிதாக ஓர் ஊர் கட்டியிருக்கிறாள். ஆடுகிறவர்கள் தங்கள் ஊருக்கு இஷ்டப்பட்ட பேரை வைக்கலாம். அவள் ‘நந்தகுமார்’ என்று வைத்திருக்கிறாள்.

ரொம்பப் பூரிக்க வேண்டாம், சதுப்பு நிலத்தில்தான் கட்டியிருக்கிறாள். சாயங்காலம் வந்ததும் முதலில் அந்த ஊரைத்தான் பிடிப்பேன்.