வெள்ளீயப் புகை

ஜூன் 11
காலையிலேயே கொட்டகையில் உலையைப் போட்டாயிற்று. பீங்கான் குச்சிகள் காய்ந்ததும் இவர் அமிலத்தில் கரைத்த வெள்ளீயத்தில் ஆண்டிமனி கலந்து பீய்ச்சினார். படலம் ஒட்டிய குச்சிதான் ரெசிஸ்டர், மின்தடை. மீட்டரில் அளவு பார்த்து, தவறியதைக் கழிப்பது என் வேலை. நடுநடுவே வெளியே போய் இருமிவிட்டு வந்தார். "தூசிதான், ஒண்ணுமில்ல."

ஜூன் 19
இருமல். இரண்டு பேருக்கும் தூக்கமில்லை.

ஜூன் 24
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா, "அமில ஆவிய வருசக்கணக்கா சுவாசிச்சிருக்காரு. கெட்டது கெட்டதுதான். மிச்சத்தையாவது காப்பாத்துங்க" என்றார். பஸ்ஸில் வண்ணார்பேட்டை தாண்டியதும் இவர், "மதுரைக்குச் சரக்கு போகணும்" என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 2
புகையை இழுக்கும் ஃபேன் சுவரில் இருக்கத்தான் செய்கிறது. இவர் போடுவதில்லை. இன்று நான் போட்டேன். காற்று இழுத்ததில் குச்சிகள் ஒரு பக்கம் ஆறி, படலம் திட்டுத்திட்டாக விழுந்தது. பாதிக்கு மேல் அளவு வரவில்லை. இவர் அணைத்துவிட்டார். கத்தினேன் — "உசிர விட இந்தக் குச்சி பெரிசா?"
"ஃபேன் ஓடுனா நீதானட்டி கழிச்சுப் போடுத?"
கழித்துத்தானே போட்டேன்.

ஜூலை 5
மாஸ்க் வாங்கி வந்தேன். மூச்சு முட்டுகிறதாம். ஆணியில் தொங்குகிறது.

ஜூலை 15
மதுரையில் இன்வெர்ட்டர் செய்யும் ஆவுடைநாயகம் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "அளவு கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா எடுத்துக்கிடுவியளா அண்ணாச்சி?"
"ஏம்மா, தப்புனா பெட்டி சூடாகிப் பத்திக்கிடும். யார் வீட்டுலயாவது பிள்ளையள் இருக்கும். நான் என்ன செய்ய?"
அவர் சொல்வதும் சரிதான். எல்லாரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். நான் யாரோடு போய்ச் சண்டை போட?

ஆகஸ்ட் 9
உலை முன்னால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம். ஆட்டோவில் என் முந்தானையை விடவே இல்லை.

ஆகஸ்ட் 10
ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வேறென்ன செய்ய?

செப்டம்பர் 1
வீட்டுக்கு வந்துவிட்டார். வாசல்படி ஏறினாலே இளைப்பு. கொட்டகையை மூடிவிடலாம் என்றேன்.
"மூடிட்டு?"


செப்டம்பர் 8
இன்று நான் பீய்ச்சினேன். மாஸ்க் மாட்டி, ஃபேனும் போட்டு. இவர் வெளியே நாற்காலியில் மீட்டரோடு. ஆறின குச்சிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
"எப்படி வருது?"
"நல்லாத்தான் வருது. நீ பைய அடி."
மத்தியானம் தண்ணீர் கொண்டுபோனபோது கண்ணயர்ந்திருந்தார். தட்டில் தேறிய குச்சிகள் கொஞ்சம்தான். கழிந்ததெல்லாம் மடியில், துண்டால் மூடியிருந்தது. எனக்குத் தெரிந்தால் ஃபேனை அணைத்துவிடுவேன் என்று பயம் போல. செம்பை அருகில் வைத்துவிட்டு, பார்க்காத மாதிரி உள்ளே வந்து அடுத்த குச்சிகளை உலையில் ஏற்றினேன்.