காலி வண்டி

பாப்பாவுக்கு,

போனில் பேசினால் மாப்பிள்ளை பக்கத்தில் இருப்பார். அதனால்தான் மாங்காய்ப் பைக்குள் இதை வைத்தனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்டைலுக்காகக் காரின் ஸ்பிரிங்குகளை வெட்டி, வண்டியைத் தாழ்த்திக் கொண்டுவந்து, "எப்படி மாமா இருக்குது?" என்று கேட்டார். "சூப்பரா இருக்குதுங்க மாப்ள" என்றேன். மாப்பிள்ளையிடம் வேறென்ன சொல்ல முடியும்?

அந்தப் பழைய காரில் பின்பக்கம் ஒரு வால்வு உண்டு. ஓசூர் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக நான் சோதித்து அனுப்புவது அதைத்தான். வண்டி தாழ்ந்தால் பாரம் ஏறியிருக்கிறது என்று எண்ணி, பின்சக்கரத்துக்குப் பிரேக்கைக் கூட்டிவிடும். இனி காலியாக ஓடினாலும் அதன் கணக்கில் முழுப் பாரம்தான். மழையில் பிரேக்கை அழுத்தி மிதித்தால் பின்சக்கரம் முதலில் நின்றுபோய் வண்டி சுழன்றுவிடும்.

உன் அம்மாவிடம் சொன்னேன். "வாயத் தொறக்காதீங்க, புள்ள அங்க வாழணும்" என்கிறாள்.

காரில் ஏறினாலே குமட்டுகிறது என்று சொல்லிவிடு. மாசமாக இருப்பவளை யாரும் கட்டாயப்படுத்தமாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸிலேயே போ.

இதை எழுதிய பிறகுதான் உறைக்கிறது. நீ ஏறாவிட்டால் அவர் தனியாகத்தான் சூளகிரிக்கு வேலைக்குப் போய்வருவார். வண்டியில் பாரம் இன்னும் குறையும், சுழலும் ஆபத்து இன்னும் கூடும்.

அவரை அந்தக் காரிலிருந்து இறக்க என்ன பொய் சொல்வதென்று தெரியவில்லை.

அப்பா