ஒரு மன்னிப்பும் முப்பத்தொரு பவுண்டும்

மார்ச் 4, செவ்வாய்

கார் காப்பீட்டைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. பதினொரு பக்கங்கள். ஏழாம் பக்கத்தில் அந்தக் கட்டம்: சட்டச் செலவுப் பாதுகாப்பு, ஆண்டுக்கு முப்பத்தொரு பவுண்டு கூடுதல். விபத்தில் தவறு நம்முடையதல்ல என்றால், நமக்காகப் பேச அவர்களே ஒரு வழக்கறிஞரை அமர்த்துவார்கள்.

சென்ற ஆண்டு இதே கட்டத்துக்கு எதிரே ‘வேண்டாம்’ என்று குறியிட்டவன் நான். “இருந்துட்டுப் போகட்டுமே, ஏட்ரியன்” என்றாள் என் மனைவி ஜில்லியன். நிறுவனங்கள் பயத்தை எப்படிப் பொட்டலம் கட்டி விற்கின்றன என்று அவளுக்கு விளக்கினேன். இருபத்தெட்டு ஆண்டுகள் பள்ளியில் லத்தீன் கற்பித்தவன்; விளக்குவது எனக்குக் கைவந்த கலை.

மார்ச் 5

மழை. ஜில்லியன் இன்றும் கார்ச் சாவியைத் தொடவில்லை.

மார்ச் 7, வெள்ளி

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து இன்னொரு கடிதம், இது விபத்தைப் பற்றியது. இரு தரப்பும் முரண்படுவதாலும் சாட்சி இல்லாததாலும், தவறை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து முடித்துக்கொள்ளப் போகிறார்களாம். புதிய ஆதாரம் ஏதேனும் இருந்தால் இருபத்தோராம் தேதிக்குள் அனுப்பலாம்.

பாதி! எந்தப் பாதி?

நடந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். ஜனவரி பதினெட்டு, சனிக்கிழமை பிற்பகல். நம் சந்தில் டங்கன் திரெல்ஃபாலின் ஜீப் அவர் வீட்டு வாசலிலிருந்து பின்னோக்கி வருவதைக் கண்டு ஜில்லியன் காரை நிறுத்தினாள். நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். அது வந்து இடித்தது. விளக்கு நொறுங்கியது, கதவு மடங்கியது, அவளுடைய இடது மணிக்கட்டு எலும்பில் விரிசல் விழுந்தது. அவள் என்ன செய்தாள்? மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, “ஐயோ, மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க டங்கன்” என்றாள்.

திரெல்ஃபால் தம் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிய வரி எனக்கு மனப்பாடம். ‘நான் நின்றுகொண்டிருந்தேன். அந்த அம்மாள்தான் வந்து மோதினார். உடனே மன்னிப்பும் கேட்டார்.’

இந்த நாட்டில் நாற்காலியில் இடித்துக்கொண்டவன் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்கிறான். அது ஒரு வாக்குமூலமா?

மார்ச் 9, ஞாயிறு

ஜில்லியனின் அக்கா மரீனைப் பார்க்கக் கிளித்தரோ முதியோர் இல்லத்துக்குப் போனோம். நான் ஓட்டினேன். முன்பெல்லாம் ஞாயிறுதோறும் அவள் தனியாகவே போய்விட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு திரும்புவாள். இன்று பக்கத்து இருக்கையில், இல்லாத பிரேக்கை வலது காலால் பன்னிரண்டு மைலும் மிதித்துக்கொண்டே வந்தாள்.

எங்கள் சந்துகளில் எதிர்ப்படும் ஒவ்வொரு வண்டிக்கும் கையுயர்த்துவது வழக்கம். உயர்த்தாதவன் வெளியூரான். திரும்பும்போது திரெல்ஃபாலின் ஜீப் எதிரே வந்தது. அவர் கையுயர்த்தினார். ஜில்லியனும், கட்டுப்போட்ட கையை, உயர்த்தினாள்.

“ஏன்?” என்றேன்.

“தானா வந்துடுச்சு.”

மார்ச் 11, செவ்வாய்

மன்னிப்புக் கேட்பது மட்டுமே தவறை ஒப்புக்கொண்டதாகாது என்று இங்கே சட்டமே இருக்கிறது. நூலகத்தில் தேடிக் கண்டுபிடித்தேன். நாடாளுமன்றம் அமர்ந்து சட்டம் இயற்றும் அளவுக்கு இது எங்கள் நோய்! பிரதி எடுத்துக்கொண்டு நிறுவனத்துக்குத் தொலைபேசினேன். முப்பத்தெட்டு நிமிடம் இசை. பிறகு ஓர் இளம் பெண்.

“நீங்க சொல்றது சரிதான் சார். ஆனா அந்த மன்னிப்பை எடுத்துட்டாக்கூட, அவர் சொல் ஒண்ணு, உங்க வீட்டம்மா சொல் ஒண்ணு. பார்த்தவங்க யாரும் இல்லையே?”

“சட்டச் செலவுப் பாதுகாப்பு இருந்திருந்தால்?”

“ஒரு வக்கீல் பேசியிருப்பார் சார். அதுவும் பாதிக்குமேல ஜெயிக்க வாய்ப்பு இருக்குன்னு அவருக்குப் பட்டாத்தான்.”

“இப்போது சேர்த்தால்?”

“இனிமே நடக்குறதுக்குத்தான் சார்.” சற்று நிறுத்தி, “சேர்த்துடட்டுங்களா?” என்றாள்.

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். கவனிக்க: நன்றி சொன்னேன்.

மார்ச் 12

இரவு உணவின்போது மறுபடி கேட்டுவிட்டேன். “அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கக் கூடாதா?”

ஜில்லியன் முள்கரண்டியை வைத்தாள். குரலை உயர்த்தவில்லை; உயர்த்தியிருந்தால் நன்றாயிருக்கும்.

“ரெண்டு மாசமா நீ அவர்மேல கோவமா இருக்கேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கே. இல்ல. என்மேலதான். ஆளுக்குப் பாதின்னு எழுதுறதுக்கு அவங்க யாரு? நீதான் முழுசா என் பேர்லயே எழுதிட்டியே.”

பாத்திரங்களைக் கழுவினேன். வேறென்ன செய்ய?

உண்மையா அது? இரண்டு முறை கேட்டிருப்பேன். இல்லை. நேர்மையாக எண்ணினால் பத்துக்கும் மேல். நிறுவனம் அவளைப் பாதிக் குற்றவாளி என்று சொல்லும். அதை அவள் நம்பிவிடுவாள். நம்பினால் இனி ஓட்ட மாட்டாள். இதில் எங்களுக்கு நஷ்டம் அதுதான், கதவும் விளக்கும் அல்ல. அது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

மார்ச் 13

தூக்கமில்லை. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 15, சனி

இதை அப்படியே எழுதியாக வேண்டும்.

அஞ்சலகக் கடைக்குப் போயிருந்தேன், ரொட்டிக்காகவும் புதுப்பித்தல் படிவத்துக்கு ஓர் உறைக்காகவும். கட்டம் இன்னும் காலி. பெரில் கல்லாவில் இருந்தார். முப்பது ஆண்டுகளாக எல்லோரையும் ‘கண்ணு’ என்று அழைத்து, எவரைப் பற்றியும் எவரிடமும் பேசாமல் கடை நடத்துபவர். அலமாரி ஓரத்தில் திரெல்ஃபால், நாய்த் தீவன மூட்டையைத் தூக்க முயன்றுகொண்டிருந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, பாராமுகமாக, ரொட்டியின் தேதியைப் படித்தேன்.

அவர் மூட்டையைத் தூக்கினார். திரும்பிப் பார்க்காமல் பின்னோக்கி ஓர் அடி வைத்தார். பூட்ஸ் குதிகால், மனிதர், மூட்டை, எல்லாப் பாரமும் என் வலது காலின்மேல்.

“மன்னிச்சிடுங்க” என்றேன்.

நான்தான் சொன்னேன். என் வாயால்.

“பரவாயில்ல, வாத்தியாரே!” என்றார் திரெல்ஃபால். “பார்த்து நில்லுங்க. உங்க வீட்டுல ரெண்டு பேருக்குமே நிக்கத் தெரியாது போல.”

பெரில்தான் பேசினார்.

“டங்கன், மூட்டையைக் கீழ வை.”

“என்ன பெரில்?”

“வையின்னேன். அவர் காலை மிதிச்சது நீ. மன்னிப்புக் கேட்டது அவரு. பெரிய மனசு பண்ணி ‘பரவாயில்ல’ங்குறது நீயா? அன்னிக்கும் இதே மாதிரிதானே? அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் இதே இடத்துல நின்னு என்ன சொன்னே? ‘ரேடியோவுல ஃபுட்பால் பெனால்டி போய்க்கிட்டிருந்துச்சு பெரில், பின்னாடி பார்க்கவே இல்ல, டமால்னு ஆயிடுச்சு’ன்னு சொன்னியா இல்லையா?”

“அது... பேச்சுவாக்குல சொன்னது.”

“சிரிச்சுக்கிட்டே வேற சொன்னே. ரெண்டு பேரும் என் வாடிக்கையாச்சேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அந்தப் பொண்ணு கையில கட்டோட வந்து என்கிட்ட ஸ்டாம்பு வாங்கிட்டுப் போகுது, ‘உங்களுக்குச் சிரமம் கொடுக்கிறேன், மன்னிச்சிடுங்க’ன்னுட்டு. ஸ்டாம்பு விக்கிறது எனக்குச் சிரமமா?”

திரெல்ஃபால் மூட்டைக்குக் காசு வைத்துவிட்டுப் போனார். பெரில் என் உறையைத் தாமே வாங்கிக்கொண்டார். “எங்க அனுப்பணும்னு சொல்லு கண்ணு. ஒரு பக்கம் எழுதித் தர்றேன். தேதி போட்டு.”

நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து ஜில்லியனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், எதையும் மறைக்காமல். “மன்னிச்சிடுங்க” என்ற இடத்தில் அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முடியவில்லை. கண்ணீர் வரச் சிரித்தாள். நான் சொன்னபடியே, என் குரலிலேயே, திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டினாள். ஜனவரிக்குப் பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. கால் வீங்கியிருக்கிறது. போகட்டும்.

பிறகு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இம்முறை தானாக வரவில்லை. அரைமணி நேரம் பிடித்தது.

மார்ச் 20, வியாழன்

பெரிலின் கடிதம் போய்விட்டது. பதில் எப்படி வருமோ.

புதுப்பித்தல் படிவத்தை மேசைமீது விரித்தோம். “நீயே சொல்” என்றேன். ஜில்லியன் ஏழாம் பக்கத்தை மெதுவாகப் படித்தாள். அதிலிருந்த எல்லா விதிவிலக்குகளையும் படித்தாள். “சாட்சி இல்லேன்னா இந்த வக்கீலும் ஒண்ணும் கிழிக்கமாட்டார்” என்றாள்.

“மாட்டார்.”

“ஆனா அவர் யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கமாட்டார் இல்ல?”

“அதற்குத்தான் சம்பளம்.”

குறியிட்டாள். அவர்கள் விற்பது பயம்தான். என் கருத்து மாறவில்லை. இந்த வீட்டில் இடிபட்டவுடன் மன்னிப்புக் கேட்கிறவர்கள் இருவர். மூன்றாவதாக ஒருவர் இருக்கட்டும்.

ஏப்ரல் 3

கடிதம் வந்தது. எதிர்த் தரப்பு முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டதாம். நான்கு வரிகள். இதற்குப் பதினொரு வாரங்கள். மகிழ்ச்சி வரும் என்று நினைத்தேன். உட்கார வேண்டும்போல்தான் இருந்தது. ஜில்லியன் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, மடித்து, தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மரீனைப் பார்க்கப் போனோம். சாவியை அவள் எடுத்தாள். நான் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டேன்.

சந்து முனையில், தம் வாசலில் திரெல்ஃபால் நின்றிருந்தார். ஜீப்பை இப்போது முகம் தெருவைப் பார்க்க நிறுத்தி வைத்திருக்கிறார். எங்களைக் கண்டதும் கையுயர்த்தினார். என் கை பாதி எழுந்துவிட்டது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ஜில்லியன் தலையை மட்டும் லேசாக அசைத்தாள். அவளுடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.